கூனியா, இறால் குஞ்சா? கடலோரக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலிருந்து வந்தவை. கொல்லங்கோடு, நீரோடி, தூத்தூர் பக்கத்து வாசகர்களும், கேரள எல்லைக்கு அப்பால் பொழியூரிலும் பூவாரிலும் தமிழ் படிக்கும் வாசகர்களும், பேசிவைத்துக்கொண்டதுபோல், கடலிலிருந்து வந்த சிறு ஓட்டுடலிகளை, அதாவது இறால், நண்டு போன்ற ஓடுள்ள உயிரிகளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையான அளவு.

கேள்வி: நான் நீரோடியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. கடல் தணிந்திருந்த ஒரு காலையில் கரையில் நின்று கரமடி வலை இழுத்தவர்களின் மடிக்குள், நெத்தோலிக்கு அடியில், இளஞ்சிவப்புக் கஞ்சியைப் போல் இரண்டு கூடை அளவுக்குச் சிறு உயிரிகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மடி இழுத்தவர் அதைக் கூனி என்றார். அவருடைய தாயார், "கூனி இல்ல மக்களே, இது றால்குஞ்சு" என்றார். பொழியூரிலிருந்து மீன் எடுக்க வந்த வியாபாரி தெள்ளி என்றார். என் வகுப்பு மாணவன் ஒருவன் திமிங்கிலம் தின்னும் கிரில் என்று உறுதியாகச் சொல்கிறான். நான்கில் எது சரி? இறால் குஞ்சு என்றால் அதைக் காயவைத்து விற்பது நாளைய இறாலை இன்றே அழிப்பது ஆகாதா? நான்கு படங்களும், வினிகரில் ஊறவைத்த மாதிரி ஒன்றும் அனுப்பியுள்ளேன்.

பதில்: முதலில் மாதிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புட்டியைத் திறந்தபோது உள்ளே வெளுத்த தோல்களும், உதிர்ந்து அடியில் படிந்த கால்களும், இரண்டு கரும்புள்ளிகளாக மிஞ்சிய கண்களுமே இருந்தன. வினிகர் ஓட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மூட்டுகள் தளர்ந்து, அடையாளம் காண மிகவும் வேண்டிய உறுப்புகளே முதலில் கழன்றுவிடும். அடுத்த முறை சாராயம் கலந்த திரவத்தில் போடுங்கள். கை கழுவப் பயன்படுத்தும் தெளிவான சானிடைசர்கூடச் சில நாள்களுக்குப் போதும். ஆனால் அதிலும் நிறம் போய்விடும் என்பதால், உயிருடனோ பனிக்கட்டியில் வைத்தோ இருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும். நல்லவேளையாக நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது படத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில், கடல்நீர் ஊற்றி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி, லென்ஸ் வைத்து எடுத்த உங்கள் மாணவருக்கு என் பாராட்டு. இந்தப் பதில் முழுவதும் அந்தப் படத்தை நம்பியே எழுதப்படுகிறது.

நீளத்தையும் நிறத்தையும் கொண்டு தொடங்கினால் இந்த உயிரிகள் எல்லோரையும் ஏமாற்றிவிடும். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஓட்டுடலி ஒன்று முழு வளர்ச்சி அடைந்த கூனியாக இருக்கலாம், நான்கு மாதம் கழித்து உள்ளங்கை அளவுக்கு வளரப்போகும் வெள்ளை இறாலாகவும் இருக்கலாம். சிவப்பும் அப்படித்தான்: தோலிலுள்ள நிறமிகள் விரிந்தால் சிவக்கும், சுருங்கினால் கண்ணாடிபோல் தெளியும், செத்து வெயிலில் கிடந்தால் எல்லாமே சிவந்துவிடும். ஆகவே கால்களை எண்ணுங்கள். இறால் இனங்களுக்கு நெஞ்சின் கீழ் ஐந்து இணை நடைகால்கள் உண்டு. கூனிக்கு மூன்று இணைகளே உண்டு. நான்காவதும் ஐந்தாவதும் இல்லாமல் போய்விட்டன. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் கால்கள் முளைக்காத ஒரு வெற்றிடம் பக்கவாட்டுப் பார்வையில் தெரியும், அதற்குப் பின்னால்தான் துடுப்புப் போன்ற நீந்துகால்கள் தொடங்கும். உங்கள் மூன்றாவது படத்தின் நடுவிலுள்ள உயிரியில் அந்த வெற்றிடம் தெளிவாக இருக்கிறது.

அதே உயிரியின் நீண்ட உணர்கொம்பையும் பாருங்கள். உடலைவிட நீளமான அந்தச் சிவந்த இழை நேராக ஓடாமல், தலையிலிருந்து சற்றுத் தள்ளி முழங்கை மடித்ததுபோல் ஓரிடத்தில் மடங்கித் திரும்புகிறது. கண்களுக்கு நடுவே இருக்கும் நெற்றிக்கொம்பு மிகவும் குட்டை. இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். வால்விசிறியின் உள்மடல்களில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளி இருக்கிறது. மூன்று இணைக் கால்கள், மடங்கிய உணர்கொம்பு, குட்டை நெற்றிக்கொம்பு, வால்விசிறியில் சிவப்புப் புள்ளி ஆகிய நான்கும் சேர்ந்தால் அது கூனிதான். அறிவியலில் அசிட்டிஸ் என்று அழைக்கப்படும் பேரினம் அது. பிரெஞ்சு விலங்கியலாளர் ஹென்றி மில்ன் எட்வர்ட்ஸ் 1830-ல் கங்கையின் கழிமுகத்திலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து இந்தப் பேரினத்தை வகுத்தார். அந்த முதல் இனத்துக்கு அசிட்டிஸ் இண்டிகஸ் என்று பெயர். சென்னைப் பக்கத்தில் சென்னாக்குன்னி என்று படியில் அளந்து விற்பதும், உங்கள் ஊரில் கூனிப்பொடியாக வறுத்துத் தேங்காயுடன் அரைப்பதும், மும்பைக்காரர்கள் ஜவ்ளா என்று சொல்வதும், தென்கிழக்கு ஆசியர்கள் உப்பிட்டுப் புளிக்கவைத்து இறால் விழுதாக்குவதும் இந்தப் பேரினத்து உயிரிகளைத்தான்.

எந்தக் கூனி என்று கேட்டால், படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். இந்தியக் கடலோரத்தில் இப்பேரினத்தின் பல இனங்கள் இருக்கின்றன. வால்விசிறியின் புள்ளிகள் எத்தனை, எந்த இடத்தில் என்பது ஓரளவுக்கு வழிகாட்டும். ஆனால் முடிவு சொல்வது ஆணின் முதல் நீந்துகாலில் ஒட்டியிருக்கும் பெட்டாஸ்மா என்ற இனப்பெருக்க உறுப்பின் வடிவமே. அதற்கு நுண்ணோக்கி வேண்டும். விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரந்தான். சரியாகப் பதப்படுத்திய இருபது முப்பது உயிரிகளை, பிடித்த நாள், இடம், வலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளுடன் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.

இனி, அந்தத் தாயார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் தவறில்லை என்பதை இரண்டாவது படம் காட்டுகிறது. தட்டின் இடது ஓரத்தில், உணர்கொம்பு மடங்காத, மேல்விளிம்பில் மரம் அறுக்கும் வாளைப்போல் பற்கள் வரிசையிட்ட நெற்றிக்கொம்புள்ள இரண்டு உயிரிகள் கிடக்கின்றன. கால்கள் ஐந்து இணை. முன் மூன்று இணைகளின் நுனியில் இடுக்கி இருக்கும், அது படத்தில் தெரியாது, லென்ஸில் தெரியும். இவை இறால் குஞ்சுகள்தாம். வெள்ளை இறாலும், மலையாளத்தில் பூவாலன் எனப்படும் இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த உயிரி சில வாரங்களுக்குள் பல உருமாற்றங்களைக் கடந்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக் குஞ்சாகி, ஆறு கடலில் சேரும் பொழி வழியாகக் காயலுக்குள் நுழைகிறது. சில மாதங்கள் அங்கே வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. நெய்யாறு கடலில் சேரும் பூவார் பொழியும், குழித்துறையாறு சேரும் தேங்காய்ப்பட்டணத்துப் பொழியும் அவற்றுக்கு வாசல்கள். நீரோடி இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், கரையோரமாகப் பொழியைத் தேடிப் போகும் குஞ்சுகள் கூனிக் கூட்டத்தோடு மடியில் சிக்குவதில் வியப்பில்லை. கரிக்காடி இறால் மட்டும் இதற்கு விலக்கு. அது வாழ்நாள் முழுவதும் கடலிலேயே இருந்துவிடும்.

வியாபாரி சொன்ன தெள்ளி என்பது, எல்லைக்கு அப்பால் பெரும்பாலும் பூவாலனின் சிறியவற்றுக்கு வழங்கும் பெயர். ஆகவே அவரும் அந்தத் தாயாரும் ஒன்றையே இரண்டு மொழிகளில் சொல்லியிருக்கிறார்கள். இருவர் கண்ணும் தட்டின் ஒரே ஓரத்தில் பட்டிருக்க வேண்டும்.

உங்கள் மாணவரின் கிரில் மட்டும் பொருந்தவில்லை, ஆனால் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது புரிகிறது. உருவம் அவ்வளவு ஒத்திருக்கும். கிரிலின் முதுகை மூடும் ஓடு பக்கங்களில் முழுவதும் இறங்கி மூடாததால், கால்களின் அடியில் செவுள்கள் இறகுத் தொங்கல்களைப்போல் வெளியே தெரியும். இறாலுக்கும் கூனிக்கும் செவுள்கள் ஓட்டுக்குள் மறைந்திருக்கும். உங்கள் படங்களில் எந்த உயிரியிலும் வெளித் தெரியும் செவுள் இல்லை. திமிங்கிலம் தின்னும் அண்டார்க்டிக் கிரில் ஆறு சென்டிமீட்டர் வரை வளரும் வேறோர் இனம். அது தென்துருவக் கடலைவிட்டு வருவதில்லை.

அவருக்கு ஆறுதலாக, அந்த நால்வரும் சொல்லாத ஐந்தாவது உயிரி ஒன்று அதே தட்டில் இருக்கிறது. மூன்றாவது படத்தின் கீழ் விளிம்பில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, வளைந்து கிடக்கும் ஒன்றைப் பாருங்கள். அதன் வால்விசிறியின் உள்மடல் இரண்டிலும் அடிப்பக்கத்தில் கண்ணாடிக் குண்டுமணி பதித்ததுபோல் ஒளி தெறிக்கும் வட்டம் இருக்கிறது. கூனியின் புள்ளி வெறும் நிறம். இது உடல் நிலைகுலையாமல் நீந்த உதவும் சமநிலை உறுப்பு. இந்த வட்டம் இருந்தால் அது மைசிட் என்னும் வேறு வரிசையைச் சேர்ந்தது, இறாலே அல்ல. மைசிட் பெண்ணின் நெஞ்சின் அடியில் தகடுகளால் ஆன பை இருக்கும். முட்டைகளும் குஞ்சுகளும் அதற்குள்ளேயே வளரும். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் இறாலின் வளர்நிலைகளில் ஒன்றுக்கு மைசிஸ் என்று பெயர் படித்திருப்பார்கள். மைசிட்டைப்போல் கால்களில் இறகுக் கிளைகள் இருப்பதால் அந்த நிலைக்கு அப்பெயர் வந்ததே தவிர, மைசிட் வளர்ந்து இறாலாவதில்லை. பரீட்சைத் தாள்களில் இந்தக் குழப்பத்தை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன்.

முட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் நல்ல சோதனை. கூனியும் கடல் இறாலும் முட்டைகளைச் சுமப்பதில்லை, நீரிலேயே விட்டுவிடும். சிறிய இறால் போன்ற ஒன்று வயிற்றின் அடியில், நீந்துகால்களுக்கு நடுவே முட்டைக் கொத்தைச் சுமந்திருந்தால், அது ஆற்றுக்கொஞ்சு என்னும் நன்னீர் இறாலின் உறவுக்காரர். அதை உறுதி செய்ய வயிற்றின் இரண்டாவது வளையத்தைப் பாருங்கள்: ஆற்றுக்கொஞ்சில் அதன் பக்கத்தகடு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வளையங்களின் மேலும் படிந்து சேணம்போல் இருக்கும், கடல் இறாலில் ஓட்டின்மேல் ஓடு வேய்ந்ததுபோல் ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் மட்டும் படியும். கூனியின் நெருங்கிய உறவான லூசிஃபர் என்ற நூலிழை உயிரி மட்டும் இந்த விதியை மீறி, முட்டைகளை மூன்றாவது இணைக் காலில் ஒட்டிச் சுமக்கும். கழுத்து மிக நீண்டு, கண்கள் உடலைவிட்டு வெகுதூரத்தில் நிற்பதால் அதைக் கண்டால் ஐயமே வராது, கண்ணில் படுவதுதான் அரிது.

காயவைத்து விற்பது தவறா என்ற கேள்விக்கு, கூடையில் எது எவ்வளவு என்பதே விடை. கூனி அந்த அளவிலேயே முழு வளர்ச்சி பெற்றது. அதைப் பிடிப்பது குஞ்சைப் பிடிப்பதாகாது. நெத்தோலி, வாளை, அயிலை ஆகியவற்றுக்கு அது உணவு என்பதால் வரைமுறையின்றி அள்ளலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அஞ்சுகிற பழி அதற்கு இல்லை. இறால் குஞ்சுகள் மிகுந்திருந்தால் உங்கள் அச்சம் நியாயமானது. மடி கரையேறியதும் குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, கலந்து, தட்டில் பரப்பி, நூறு உயிரிகளை எண்ணிப் பிரியுங்கள். மூன்று இணைக் கால்கள் ஒருபுறம், ஐந்து இணைக் கால்கள் மறுபுறம். ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்தால் அரை மணி நேர வேலை. நூறில் இரண்டு மூன்று குஞ்சுகள் என்றால் ஒன்று, நூறில் நாற்பது என்றால் வேறொன்று. பின்னது நேர்ந்தால் அந்த நாள்களில் மடியைப் பொழிக்கு அருகில் விரிக்காமல் இருப்பது பற்றி மடிக்காரர்களிடம் பேசலாம். அவர்கள் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு இறால் பிடிக்கப் போகிறவர்களும் அவர்கள்தாம்.

வகுப்பில் இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யாரேனும் இருந்தால் கூனியைத் தொட்டு விளையாடவோ கூனிப்பொடியைச் சுவைக்கவோ விடாதீர்கள். அளவு சிறியதானாலும் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் ஒன்றுதான்.

கேள்வி: களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய அயிலையைக் கழுவும்போது, செவுளைத் தூக்கிய இடத்தில் வெண்ணிறத்தில் பெரிய பூச்சி ஒன்றும், அதன் அருகில் சிறியது ஒன்றும் ஒட்டியிருந்தன. பிடுங்கினால் வரவில்லை, கத்தி முனையால் நெம்பினேன். என் மாமியார் மீன் முழுவதையும் வெளியே எறிந்துவிட்டார். மீனின் நாக்கைத் தின்றுவிட்டு நாக்காகவே வாழும் பூச்சி என்று கைப்பேசியில் படித்தேன். அதுவா இது? (பாறசாலை வாசகி)

பதில்: பூச்சிக்கு ஆறு கால். உங்கள் படத்தில் புரட்டிப் போட்டிருக்கும் பெரியதை எண்ணிப் பாருங்கள்: பக்கத்துக்கு ஏழு வீதம் பதினான்கு, ஒவ்வொன்றின் நுனியும் தூண்டில் முள்ளைப்போல் உள்நோக்கி வளைந்திருக்கிறது. பிடுங்கினால் வராமல் இருந்ததற்கு அந்த முட்களே காரணம். மேலிருந்து கீழாகத் தட்டையான உடலும், ஏறக்குறைய ஒரே மாதிரியான ஏழு இணைக் கால்களும் இருந்தால் அது ஐசோப்பாடு என்னும் ஓட்டுடலி வரிசை. மீனில் ஒட்டி வாழ்வது அதில் சைமோத்தாய்டு என்ற குடும்பம். உங்களுடையதன் உடல் நேராக இல்லாமல் ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கிறது. செவுளறையின் வளைவுக்குள் அடங்கி வளர்ந்ததன் விளைவு அது. அயிலையின் செவுளறையில் இப்படி முறுக்கிய உடலோடு இருப்பது நோரிலேக்கா இண்டிக்காவாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

நாக்காக மாறும் இனம் வேறு. அது சைமோத்தோவா எக்சிகுவா. கிழக்குப் பசிபிக் கடலில் வாழ்வது. மீனின் நாக்கில் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்ச, நாக்கு சுருங்கி அழிய, அந்த இடத்தில் தானே இருந்துவிடுவதை 1983-ல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அதன் உறவினங்கள் நம் கடலிலும் உண்டு. கருவாவல் மீனின் வாய்க்குள் இருக்கும் சைமோத்தோவா எரெமிட்டா அவற்றில் ஒன்று. உங்கள் அயிலையில் இருந்தது வாயில் அல்ல, செவுளில்.

பெரியது பெண், அருகிலிருந்த சிறியது ஆண். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். பிறகு பெண்ணாக மாறுகிறார்கள். பெண்ணின் அடிவயிற்றில் உப்பிய தகடுகளைப் பிரித்திருந்தால் உள்ளே முட்டைகளோ குஞ்சுகளோ இருந்திருக்கும். தாயின் பையிலிருந்து வெளியேறும் குஞ்சுக்கு ஆறு இணைக் கால்களே இருக்கும், ஏழாவது பின்னால்தான் முளைக்கும். ஆகவே மிகச் சிறிய ஒன்றை எண்ணிப் பன்னிரண்டு வந்தால் தவறாக எண்ணிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

இந்த உயிரி மனிதரிடம் ஒட்டி வாழாது, நஞ்சும் இல்லை. அதை எடுத்துப் போட்டுவிட்டுச் செவுளை வழக்கம்போல் நீக்கிச் சமைத்திருக்கலாம். அயிலை விற்கும் விலைக்கு உங்கள் மாமியாரின் முடிவு சற்றுக் கடுமையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கொல்லங்கோட்டுக் கரையில் அலை ஒதுக்கிய குப்பையோடு பருப்பளவு வெண்மணிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. நண்டு முட்டைகளா?

பதில்: இல்லை. நகத்தால் அழுத்தினால் நசுங்காது, நன்னீரில் போட்டால் மிதக்கும், வெட்டினால் உள்ளே எதுவும் இருக்காது. அவை நர்டில் எனப்படும் பிளாஸ்டிக் மூலப்பொருள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பலிலிருந்து வெளியேறிய மணிகள் திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் ஒதுங்கின. நண்டு தன் முட்டைகளை மணலில் கொட்டிவிட்டுப் போவதில்லை. வயிற்று மடிப்பின் அடியில் கொத்தாகச் சுமந்திருந்து, பொரியும்போது நீரில் உதறிவிடும். முட்டைகளும் கடுகைவிடச் சிறியவை. கையுறையோடு பொறுக்கிச் சாக்கில் கட்டி நகராட்சியிடம் கொடுங்கள். தீயிட வேண்டாம்.

கேள்வி: இரவில் பொழிக்கு அருகில் அலை நீலமாக ஒளிர்ந்தது. கேரளத்தில் இதைக் கவரு என்கிறார்கள். ஒளிர்வது கூனியா?

பதில்: கூனி அல்ல. பெரும்பாலும் நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரி, ஓட்டுடலியே இல்லை. ஒளிரும் நீரை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டினால் கால்களோடு எதுவும் மிஞ்சாது, பகலில் பார்த்தால் ஊசிமுனை அளவில் நிறமற்ற சிறு உருண்டைகள் மட்டும் தெரியும்.

கேள்வி: தூத்தூர்க் கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் சிறு சிறு வி வடிவக் கோடுகள் தெரிகின்றன. அங்கே தோண்டினால் முட்டை வடிவத்தில், கொடுக்கே இல்லாத ஒன்று கிடைக்கிறது. கையில் வைத்தால் பின்பக்கமாகவே குடைகிறது. சிலவற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. இது நண்டா, வண்டா?

பதில்: நண்டின் தூரத்து உறவு. எமெரிட்டா என்ற பேரினம். கொடுக்கு இல்லை என்பதையும் பின்பக்கமாகக் குடைகிறது என்பதையும் நீங்களே பார்த்துவிட்டதால் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, அதை ஈரமணலில் விட்டு, அது புதைந்தபின் அடுத்த அலை வடியும்வரை பொறுத்திருங்கள். நீர் பின்வாங்கும் அந்த ஓரிரு நொடிகளில், மணலுக்கு மேல் இரண்டு இறகுகள் விரிந்து நீரோட்டத்தைச் சல்லடையாய் வடிகட்டும். நீங்கள் கண்ட வி கோடுகள் அந்த இறகுகளில் நீர் மோதிப் பிரியும் தடங்கள். நீண்ட இறகுக் கொம்பு இருந்தால் எமெரிட்டா. கொம்பு குட்டையாக இருந்தால், அதே கரையில் வாழக்கூடிய ஹிப்பா என்ற உறவினம். எமெரிட்டாவின் வாலின் கடைசித் துண்டு ஈட்டி முனையைப்போல் நீண்டு வயிற்றின் அடியில் மடிந்திருக்கும்.

ஆரஞ்சு நிறத்தில் இருந்தது முட்டைக் கொத்து. முட்டைக்குள்ளிருக்கும் மஞ்சள்கருவின் நிறம் அது. கரு வளர வளர அந்த உணவு செலவழிந்து, கொத்து வெளிறிச் சாம்பல் நிறமாகும், கடைசி நாள்களில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள் தெரியும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள் என்று முதல் பதிலில் சொன்னதற்கு இங்கே ஒரு விலக்கு: இனத்தைச் சொல்லாத நிறம், முட்டையின் வயதைச் சொல்லும்.

நீங்கள் தோண்டி எடுத்த பெரியவை எல்லாம் பெண்களாகவே இருந்திருக்கும். சென்னைக் கடற்கரையில் இந்த உயிரியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள், சிறிய உருவில் ஆணாக வாழ்வது பிற்பாடு வளர்ந்து பெண்ணாக மாறுவதை 1981-ல் எழுதினார்கள். ஆணைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகத் தோண்டித் தேட வேண்டியதில்லை. பெண்ணை மெதுவாகப் புரட்டி, கால்களின் அடிப்பகுதியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நாலைந்து மில்லிமீட்டரில், மணல்துகள் என்று நீங்கள் தட்டிவிடப்போகும் ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். தட்டுவதற்கு முன் அதற்குக் கண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.